டிவைஸ் ட்ரீயில் ‘டிஸேபிள்ட்’: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கடலூர் முதுநகரில் படகில் ஏறும் ஜிபிஎஸ் பெட்டி, இறால் பண்ணையில் நீர்மட்டம் பார்க்கும் போர்டு, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் கன்வேயர் பக்கத்தில் நிற்கும் கன்ட்ரோலர். இவற்றில் பலவற்றைத் திறந்தால் உள்ளே ஒரு ஆர்ம் போர்டும் லினக்ஸும் இருக்கும். “சென்சார் வரலை” என்று பெட்டி மேசைக்கு வந்தால், இந்தக் கடற்கரையில் வேலை செய்பவரின் கை நேராக மல்டிமீட்டருக்குத்தான் போகும். உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கை அது. பின்னைச் சுரண்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, டிவைஸ் ட்ரீயில் அந்தச் சாதனத்தின் ‘ஸ்டேட்டஸ்’ வரியைப் பாருங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் நாம் வாயால் சொல்வது போலவே கீழே எழுதியிருக்கிறோம்.

அடிப்படை இதுதான். போர்டில் என்னென்ன வன்பொருள் எந்த முகவரியில் இருக்கிறது என்று கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, சொல்லும் விவரப் பட்டியல் டிவைஸ் ட்ரீ. அதில் ஒவ்வொரு நோடுக்கும், அதாவது ஒவ்வொரு சாதனத்தின் பதிவுக்கும், ‘ஸ்டேட்டஸ்’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாவிட்டால் சாதனம் இயங்கும் நிலையில் இருப்பதாகவே பொருள். ‘டிஸேபிள்ட்’ என்று இருந்தால் கர்னல் அந்த நோடுக்கு டிவைஸை உருவாக்காமல் விட்டுவிடும். அவ்வளவுதான் செய்யும், மின்சாரத்தை நிறுத்தாது, கிளாக்கை அணைக்காது, ரெஜிஸ்டரைத் தொடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதி தானாகவே புரியும்.

முதல் வேலை: கர்னல் கையில் இருக்கும் மரத்தைப் பாருங்கள்

எடிட்டரில் திறந்து வைத்திருக்கும் சோர்ஸ் கோப்பை நம்ப வேண்டாம். அதற்கும் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கும் நடுவில் கம்பைலர், கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர், மரத்தின் மேல் திருத்தமாக ஏறும் ஓவர்லே என்று மூன்று கைகள் இருக்கின்றன. கர்னல் உண்மையில் பெற்றுக்கொண்ட மரம் ‘/ப்ராக்/டிவைஸ்-ட்ரீ’ அடைவில் இருக்கிறது. ஒவ்வொரு நோடும் ஒரு அடைவு, ஒவ்வொரு பண்பும் ஒரு கோப்பு. உங்கள் நோடின் அடைவுக்குப் போய் ‘கேட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் போதும். மதிப்பின் கடைசியில் ஒரு பூஜ்ய பைட் ஒட்டிக்கொண்டு வரும். ஷெல் ஸ்கிரிப்டில் ஒப்பிடுவதாக இருந்தால் ‘டிஆர்’ கட்டளையால் அதை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

முழு மரத்தையும் படிக்கிற வடிவில் எடுக்க, ‘டிடிசி’ கருவிக்கு உள்ளீடு வகையாக ‘எஃப்எஸ்’ என்றும் வெளியீடு வகையாக ‘டிடிஎஸ்’ என்றும் சொல்லி இந்த அடைவைக் காட்டுங்கள். பூட்லோடர் ஒப்படைத்த பைனரி அப்படியே வேண்டுமென்றால் ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/எஃப்டிடி’ கோப்பை ரூட் பயனராக நகலெடுக்கலாம். இதையும் டிஸ்கில் இருக்கும் டிடிபி கோப்பையும் (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) பிரித்து ‘டிஃப்’ போட்டால், நடுவில் பூட்லோடர் எதை மாற்றியது என்பது வரி வரியாகத் தெரிந்துவிடும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் டிரைவர் கோடில் இறங்குவது வீண் வேலை.

அறிகுறி: சாதனமே காணோம், கர்னல் செய்திப் பதிவான டிமெசேஜில் ஒரு வரிகூட இல்லை

பிழைச் செய்தி வந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு நூல் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் ‘டிஸேபிள்ட்’ மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். கர்னல் இப்படிப்பட்ட நோடைத் தாண்டிப் போகும்போது சத்தம் போடாது. அதன் பார்வையில் அது பிழையே இல்லை.

ஸ்டேட்டஸ் ‘டிஸேபிள்ட்’ என்றே இருந்தால் காரணம் பெரும்பாலும் எளிது. சிப் தயாரிப்பாளர் தரும் பொதுக் கோப்பில், வெளியே பின் தேவைப்படும் யுஆர்ட், ஐ2சி, எஸ்பிஐ போன்ற பிளாக்குகளை மூடி வைப்பதுதான் வழக்கம். ஒரே பின்னைப் பல பிளாக்குகள் பங்கு போடுவதால், எது வேண்டும் என்று போர்டின் கோப்புதான் சொல்ல வேண்டும். அதில் அந்த நோடை மறுபடி எடுத்து ‘ஓகே’ ஆக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக்கியிருந்தும் வரவில்லையா? எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். லினக்ஸ் ஏற்பது இரண்டே மதிப்புகளை: ஓ, கே, ஏ, ஒய் என்று நான்கு எழுத்துச் சொல், அல்லது ஓ, கே என்று இரண்டெழுத்துச் சொல். எல்லாமே சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். ‘எனேபிள்ட்’ என்று எழுதினால் சாதனம் மூடித்தான் கிடக்கும், ஏனென்றால் கர்னல் எழுத்துச் சரத்தை அப்படியே ஒப்பிடுகிறது, பொருளைப் பார்ப்பதில்லை. முதல் எழுத்தைப் பெரியதாகப் போட்டாலும் இதே கதிதான். வெற்றுச் சரமும் மூடியதாகவே எண்ணப்படும். கம்பைல் செய்யும்போது பெரும்பாலும் இதற்கு எச்சரிக்கைகூட வராது என்பதால், கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அதுவும் சரியாக இருந்தால் வரிசையைப் பாருங்கள். ஒரே நோடைப் பல கோப்புகள் தொட்டால் கடைசியில் வருவதே நிற்கும். மேலே ‘ஓகே’ போட்டுவிட்டுக் கீழே ஒரு கோப்பை இன்க்ளூட் செய்து, அது திரும்ப மூடியிருக்கலாம்.

அடுத்து அம்மா நோடு. பிள்ளை நோடில் ‘ஓகே’ என்று இருக்கிறது, ஆனால் அது தொங்கும் ஐ2சி பஸ் மூடியிருக்கிறது. கர்னல் பஸ்ஸுக்கே டிவைஸ் உருவாக்காததால் அதன் கீழே இறங்கவே இறங்காது. பிள்ளையின் ஸ்டேட்டஸை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இல்லை. நோடின் பாதையில் மேலே ஏறி, வேர் வரை ஒவ்வொரு படியையும் பாருங்கள்.

ராஸ்பெரி பையில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் உண்டு. ஐ2சி திறக்க ‘கான்ஃபிக்’ கோப்பில் ‘டிடிபேராம்’ வரி போடுகிறோம். புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு ‘/பூட்/ஃபர்ம்வேர்’ அடைவுக்குள் இருக்கிறது. பழைய பழக்கத்தில் ‘/பூட்’ அடைவில் திருத்தினால் எதுவும் நடக்காது. கோப்பு சரியாக இருந்தாலும் வரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சதுர அடைப்புக்குள் ‘சிஎம்4’ அல்லது ‘பை4’ என்ற தலைப்புக்குக் கீழே விழுந்திருந்தால், அந்த மாடலில் மட்டும்தான் அது செல்லும். கோப்பின் கடைசியில் வரியை ஒட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ‘ஆல்’ என்ற தலைப்பை முதலில் போட்டு, அதற்குக் கீழே எழுதுங்கள்.

இவ்வளவும் சரி, ஆனால் ‘/ப்ராக்’ மட்டும் மூடியதாகக் காட்டுகிறது என்றால் பூட்லோடர் பக்கம் திரும்புங்கள். யு-பூட் என்ற பூட்லோடர் வேறு டிடிபியை ஏற்றுகிறதா என்பதை ‘எஃப்டிடிஃபைல்’ சூழல் மாறி சொல்லும். ஓவர்லே ஏறாமல் போயிருக்கலாம். அடிப்படை டிடிபியைக் கம்பைல் செய்தபோது ‘டிடிசி’க்கு ‘-@’ தேர்வு கொடுக்காவிட்டால் அதில் பெயர் அட்டவணை இருக்காது. ஓவர்லே சுட்டும் பெயர் அகப்படாமல் யு-பூட் ‘நாட் ஃபவுண்ட்’ என்று முடித்துக்கொள்ளும். ஓவர்லே பாதியில் தோற்றால் நினைவகத்தில் இருக்கும் அடிப்படை மரமும் கெட்டுப்போகிறது. அதன் மேலேயே மறுபடி முயலாமல் டிடிபியைப் புதிதாக ஏற்றிவிட்டுத் தொடருங்கள்.

சில சிப்புகளில் யு-பூட் வேண்டுமென்றே மூடும். ஐ.எம்எக்ஸ்8எம் குடும்பத்தில் ஒரே வடிவமைப்பு வெவ்வேறு ரகங்களாக விற்பனைக்கு வருகிறது. வீடியோ பிளாக் இல்லாத ரகமா என்பதை சிப்பில் நிரந்தரமாகப் பதிந்த ஃபியூஸ் பிட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அந்த நோடுகளை யு-பூட் ‘டிஸேபிள்ட்’ ஆக்கிவிட்டுத்தான் கர்னலிடம் கொடுக்கும். அதை வலிந்து திறப்பதில் பயன் இல்லை. சிப்பின் மேல் அச்சிட்ட பாகம் எண்ணைப் படித்து, எந்த ரகம் வாங்கியிருக்கிறோம் என்று சரிபாருங்கள்.

எதையும் டிஸ்கில் எழுதாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. யு-பூட் பிராம்ப்டில் நிறுத்தி, டிடிபியை ஏற்றி, ‘எஃப்டிடி அட்ர்’ கொடுத்து முகவரியைக் காட்டி, ‘எஃப்டிடி செட்’ கட்டளையால் நோடின் ஸ்டேட்டஸை மாற்றி, அப்படியே பூட் செய்யுங்கள். மூடியதைத் திறப்பது சுலபம், ஏனென்றால் புதிய மதிப்பு சிறியது. திறந்ததை மூடும்போதுதான் சிக்கல். நான்கெழுத்து ‘ஓகே’ இறுதிப் பூஜ்யத்தோடு 5 பைட். 4 பைட் எல்லைக்கு நிரப்பினால் 8. ‘டிஸேபிள்ட்’ 9 பைட், நிரப்பினால் 12. அந்த 4 பைட் வளர்ச்சிக்குக் கோப்பில் இடம் இல்லாவிட்டால் ‘நோ ஸ்பேஸ்’ பிழை வரும். முதலில் ‘எஃப்டிடி ரீசைஸ்’ கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: திறந்தாயிற்று, ஆனால் பயன்படுத்த முடியவில்லை

‘/சிஸ்/பஸ்/பிளாட்ஃபார்ம்/டிவைசஸ்’ அடைவில் பெயர் இருக்கிறதா? இருந்தால் ஸ்டேட்டஸ் தன் வேலையை முடித்துவிட்டது. அந்தப் பெயருக்குள் ‘டிரைவர்’ என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: டிரைவர் கர்னலில் இல்லை, அல்லது இருந்தும் காத்துக்கொண்டிருக்கிறது.

காத்திருக்கிறதா என்பதை ‘/சிஸ்/கர்னல்/டீபக்/டிவைசஸ்_டிஃபர்ட்’ கோப்பு சொல்லும். அதில் உங்கள் சாதனம் இருந்தால், அதற்குத் தேவையான இன்னொன்று வரவில்லை. வழக்கமான குற்றவாளி ரெகுலேட்டர். சென்சாருக்கு 3.3 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் நோடு மூடியிருந்தால் அது கர்னலில் பதிவாகாது. சென்சாரின் நோடு அதைச் சுட்டுகிறது, டிரைவர் கேட்கிறது, “இன்னும் வரவில்லை, பிறகு கேள்” என்று மைனஸ் 517 பதிலாக வருகிறது. அந்தப் ‘பிறகு’ ஒருநாளும் வராது. சென்சார் நோடிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சுட்டியையும் பிடித்துக்கொண்டு போய், மறுமுனையின் ஸ்டேட்டஸைப் பாருங்கள்.

ஐ2சியில் மட்டும் ஒரு தனிக் குழப்பம். பஸ் திறந்திருக்கும், ஆனால் ‘/டெவ்’ அடைவில் ‘ஐ2சி-1’ இருக்காது. அது ‘ஐ2சி-டெவ்’ மாட்யூல் ஏறாததால் வருவது. ‘மாட்புரோப்’ கொடுத்தால் தீர்ந்தது. டிவைஸ் ட்ரீக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பஸ் வந்த பிறகு ‘ஐ2சிடிடெக்ட்’ ஓட்டுங்கள். டிஎஸ்3231 கடிகாரச் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முகவரி பதினாறடிமானத்தில் 68. கட்டத்தில் ‘யுயு’ என்று வந்தால் டிரைவர் அந்த முகவரியைப் பிடித்திருக்கிறது. ‘68’ என்று எண்ணாகவே வந்தால் சிப் பதில் சொல்கிறது, டிரைவர்தான் இல்லை. அதன் நோடு மூடியிருந்தாலும் இப்படித்தான் தெரியும், ஏனென்றால் சிப்புக்குத் தான் மூடப்பட்டது தெரியவே தெரியாது. கோடு மட்டும் வந்தால்தான் வன்பொருள் பக்கம் போக வேண்டும். இரண்டு கம்பிகளிலும் சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள்; இப்போது கனெக்டரைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதில் பொருள் இருக்கிறது. உப்பு ஏறிய கனெக்டர் இங்கே சாதாரணம்.

அறிகுறி: திறந்த உடனே பூட் பாதியில் உறைகிறது, அல்லது வேறொன்று நின்றுபோகிறது

டிமெசேஜில் ‘ஆல்ரெடி ரிக்வெஸ்டட்’ என்று பின் பெயரோடு வரி வந்தால், நீங்கள் திறந்த பிளாக்கும் ஏற்கெனவே திறந்திருந்த ஒன்றும் ஒரே பின்னைக் கேட்கின்றன. ஒன்றை மூடத்தான் வேண்டும்.

போர்டே உறைந்தால் விஷயம் ஆழமானது. பிளாக்குக்கு கிளாக்கோ மின்சாரமோ போகாமல் ரெஜிஸ்டரைப் படித்தால் சில சிப்புகளில் பஸ் பதிலின்றி நின்றுவிடும், சிலவற்றில் ‘எஸ்எரர்’ வந்து கர்னல் விழும். பாதுகாப்பு ஃபர்ம்வேர் தனக்கென வைத்துக்கொண்ட பிளாக்கைத் தொட்டாலும் இதுவே நடக்கும். இதற்காகவே விதிமுறையில் ‘ரிசர்வ்டு’ என்று தனி மதிப்பு இருக்கிறது: சாதனம் வேலை செய்கிறது, ஆனால் வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். ‘ஃபெயில்’ என்றால் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸ் பொதுவாக ‘டிஸேபிள்ட்’, ‘ரிசர்வ்டு’, ‘ஃபெயில்’ மூன்றையும் ஒரே மாதிரி தாண்டிப் போகும். அதற்காக மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஓகே’ ஆக்குவது தவறு. ‘ரிசர்வ்டு’ என்று எழுதியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைக்காதீர்கள்.

அறிகுறி: மூடியாயிற்று, ஆனாலும் அது தொல்லை கொடுக்கிறது

நமக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். ‘டிஸேபிள்ட்’ என்றால் அணைந்துவிட்டது என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

போர்டு குறிப்பிட்ட இடைவெளியில் தானாக ரீசெட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூரில் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல் போகும், யுபிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பார்கள். இடைவெளி கடிகாரம் வைத்தது போல ஒரே அளவாக இருந்தால் வாட்ச்டாகை, அதாவது குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமரை, பாருங்கள். யு-பூட் அதை ஓடவிட்டு வந்திருக்கும். கர்னலில் அதன் நோடு மூடியிருந்தால், அதைத் தட்டிக்கொடுக்க டிரைவர் கிடையாது. நேரம் முடிந்ததும் அது தன் கடமையைச் செய்கிறது. நோடைத் திறந்து டிரைவரைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் யு-பூட்டில் வாட்ச்டாகைத் தொடங்காமல் விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விடுவதுதான் கூடாது.

திரையில் லோகோ வருகிறது, கொஞ்ச நேரத்தில் கருத்துப்போகிறது. டிஸ்ப்ளே நோடு மூடியிருக்கிறது, பூட்லோடர் ஏற்றிவிட்ட படம் மட்டும் நிற்கிறது. யாரும் உரிமை கோராத கிளாக்குகளைக் கர்னல் பூட்டின் கடைசிக் கட்டத்தில் அணைக்கும். உரிமை கோராத ரெகுலேட்டர்களைச் சுமார் 30 வினாடி கழித்து அணைக்கும். எந்த நேரத்தில் கருக்கிறது என்பதே துப்பு. பூட் வரியில் ‘சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்ட்’ சேர்த்துப் பார்த்துப் படம் நின்றால் கிளாக்தான் காரணம். அந்தத் தேர்வைக் கண்டறிய மட்டும் பயன்படுத்துங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள். உரிய நோடில் கிளாக்கைச் சுட்டிக் காட்டுவதே சரியான தீர்வு.

பூட்லோடர் நெட்வொர்க் வழியே பூட் செய்துவிட்டு டிஎம்ஏவை (சிபியு இல்லாமலே வன்பொருள் நினைவகத்தில் எழுதும் முறை) நிறுத்தாமல் போனால் இன்னும் மோசம். மூடிய நோடின் வன்பொருள் கர்னலின் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கலாம். நினைவகம் காரணமில்லாமல் கெட்டால் இதையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

அறிகுறி: பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐயில் தெரிகிறது, டிரைவர் ஒட்டவில்லை

பிசிஐ சாதனங்களைக் கர்னல் தானே தேடிக் கண்டுபிடிக்கும் என்றாலும், அவற்றுக்கும் டிவைஸ் ட்ரீ நோடு இருக்கலாம். நோடு மூடியிருந்தால் சில காலம் கர்னல் அந்தச் சாதனத்தை ஸ்கேனிலேயே கைவிட்டது. பல ஃபங்ஷன் கொண்ட சாதனத்தில் ஃபங்ஷன் 0 மூடியிருந்தால், அது இல்லை என்று எண்ணி மற்ற ஃபங்ஷன்களையும் தேடாமல் விட்டுவிட்டது. ஒரு போர்ட்டை மூடினால் பக்கத்துப் போர்ட்டும் காணாமல் போகும். எல்எஸ்1028ஏ சிப்பின் ஈநெட்சி ஈதர்நெட்டில் இது கண்கூடு. 2023ஆம் ஆண்டில் இதைத் திருத்தினார்கள்: சாதனம் பட்டியலில் வரும், டிரைவர் மட்டும் ஒட்டாது. ஆகவே புதிய கர்னலில் இந்த அறிகுறியைக் கண்டால் பிசிஐ பக்கம் பிழை தேட வேண்டாம். நோடின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். பழைய கர்னலில் பக்கத்துப் போர்ட் மறைந்தால் ஃபங்ஷன் 0ஐத் திறந்து சோதியுங்கள்.

அதே ஈநெட்சியில் இன்னொரு பாடமும் உண்டு. பயன்படுத்தாத போர்ட்டின் உள் நினைவகத்தையும் யாராவது ஒருமுறை பூஜ்யமாக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இசிசி (நினைவகப் பிழை சோதனை) பிழைச் செய்திகள் பயன்படுத்தும் போர்ட்டின் போக்குவரத்தோடு சேர்ந்து வரத் தொடங்கும். அதனால் அந்த டிரைவர், மூடிய போர்ட்டையும் துடைத்துவிட்டுத்தான் விடுகிறது.

டிரைவர் எழுதுகிறவருக்கு: மூடிய பிள்ளை நோடும் வேலை செய்கிறது

நோடில் நான்கு சேனல், இரண்டை மூடியிருக்கிறோம், நான்குமே வருகின்றன. டிரைவர் பிள்ளைகளைச் சுற்றிவரும்போது எல்லாவற்றையும் எடுக்கும் மேக்ரோவைப் பயன்படுத்தியிருக்கும். பெயரில் ‘அவெய்லபிள்’ என்று வரும் மேக்ரோதான் மூடியதைத் தாண்டும். ‘கம்பாட்டிபிள்’ சரத்தை வைத்து நோடு தேடும் செயற்கூறும் ஸ்டேட்டஸைப் பார்க்காது. கிடைத்த பிறகு நாமே சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையும் அந்த ஒரு நோடை மட்டுமே பார்க்கும், அம்மா நோடு மூடியிருப்பது அதற்குத் தெரியாது.

சிபியு நோடுகளில் மட்டும் பொருள் மாறுகிறது. விதிமுறைப்படி அங்கே ‘டிஸேபிள்ட்’ என்றால் சிபியு ஓய்வாக நிற்கிறது, குறிப்பிட்ட முறையில் எழுப்பலாம் என்று அர்த்தம். எழுப்பவே முடியாத சிபியுவுக்கு ‘ஃபெயில்’.

அறிகுறி: ஆர்ம் போர்டு இல்லை, இன்டெல் பெட்டி, சீரியல் போர்ட் காணோம்

தட்டாஞ்சாவடி பக்கத்துப் பட்டறைகளில் தராசும் லேபிள் பிரிண்டரும் சீரியல் வழியே தொழிற்துறைப் பிசியோடு பேசுவது இன்னும் உண்டு. அங்கே டிவைஸ் ட்ரீ இருக்காது, பயாஸ் தரும் வன்பொருள் விவரமான ஏசிபிஐ இருக்கும். ‘/சிஸ்/பஸ்/ஏசிபிஐ/டிவைசஸ்’ அடைவில் சாதனத்துக்குள் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைப் படியுங்கள். 15 என்றால் இருக்கிறது, திறந்திருக்கிறது, பயனருக்குக் காட்டலாம், சரியாக இயங்குகிறது என்று நான்கு பிட்டும் ஏறியிருக்கின்றன. 0 என்றால் பயாஸ் அதை இல்லை என்று சொல்கிறது. பயாஸ் செட்டப்பில் சீரியல் போர்ட்டை மூடிவைத்திருப்பார்கள். அங்கேதான் திறக்க வேண்டும், கர்னலில் தீர்வு கிடையாது. சிமாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் முதல்நிலைக்குத் திரும்பியதாலும் இப்படி ஆகும், பேட்டரியின் வோல்டேஜையும் அளந்துவிடுங்கள். புதிய சிஆர்2032 3 வோல்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும்.

அறிகுறி: சரிசெய்தது அப்டேட்டுக்குப் பிறகு பழையபடி ஆனது

‘/பூட்’ அடைவில் இருக்கும் டிடிபியை நேரடியாகத் திருத்தியிருந்தால், அடுத்த கர்னல் தொகுப்பு அதை மேலெழுதிவிடும். மாற்றத்தை ஓவர்லேயாக எழுதித் தனிக் கோப்பாக வையுங்கள். கர்னலை நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் போர்டின் டிடிஎஸ் கோப்பில் எழுதுங்கள். சிப்பின் பொதுக் கோப்பில் ‘ஓகே’ போட்டால் அதே சிப்பைக் கொண்ட மற்ற போர்டுகளிலும் அந்தப் பிளாக் திறந்து, பின் மோதல் அங்கே போய் வெடிக்கும். பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து மறுபடி பூட் செய்து, ‘/ப்ராக்/டிவைஸ்-ட்ரீ’யில் அந்த ஸ்டேட்டஸைப் படித்துப் பாருங்கள். வெறும் ரீபூட்டில் பல சிப்புகள் பழைய நிலையை வைத்துக்கொண்டிருக்கும்.